பெட்டியில் வரும் மரக்குடில்: வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

மரக்காணம் பகுதியிலுள்ள சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழு முன்பு இப்பொழுது பதினான்கு கடன் மனுக்கள் இருக்கின்றன. பதினான்கும் ஒரே பொருளுக்காக வந்தவை. தோட்டத்தில் நிறுத்துவதற்கு ஆயத்த மரக்குடில் ஒன்று வாங்கவேண்டும் என்பதே மனுதாரர் அனைவருடைய கோரிக்கை. மனுதாரருள் சவுக்கும் தர்ப்பூசணியும் வேர்க்கடலையும் பயிரிடுவோர் ஒன்பதின்மர், நெசவாளர் ஐவர். பயிரிடுவோருக்கு விதை, உரம், மோட்டார்ச் சாமான் வைக்கவும், காவல் இரவுகளில் படுக்கவும் ஓர் அறை தேவை. நெசவாளருக்குத் தறி போட ஓர் அறை தேவை. மனுக்களைப் பரிசீலித்துக் குறிப்பு எழுதவேண்டிய பொறுப்பு நம்மைச் சேர்ந்தது. எழுத உட்கார்ந்தபொழுது, குழுவினர் மட்டும் படிக்கும் குறிப்பாக அது நின்றுவிடாமல், கடன் பத்திரத்தில் கையொப்பமிடப்போகும் அங்கத்தினர் யாவரும் முன்கூட்டியே படிப்பது நலம் என்று கருதினோம்.

அவ்வாறு கருதியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இவ்விஷயத்தில் நாம் ஏற்கெனவே ஒரு முறை தவறியிருக்கிறோம். அதனை மறைக்காமல் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலில் பொருள் யாது என்பதைப் பார்ப்போம். விற்போர் இதனைக் ‘கேபின்’ என்றும் ‘ரெடிமேட் மர வீடு’ என்றும் கூறுகின்றனர். தொழிற்சாலையில் அளவாக அறுத்து, இழைத்து, மூலைக்கூட்டு வெட்டி, எண்ணிட்டுக் கட்டுக்கட்டாக அனுப்பப்படும் மரப்பலகைகளே இக்குடில். பெரும்பாலும் பைன் அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த மெல்மரம். சுவர்ப் பலகையின் கனம் 28, 44, 70 மில்லிமீட்டர் எனப் பலவகைப்படும். ஒவ்வொரு பலகையின் மேல் விளிம்பில் நாக்கும் கீழ் விளிம்பில் காடியும் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கித் தட்டினால் காடி நாக்கைக் கவ்விக்கொள்ளும். மூலைகளில் பலகைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பின்னிக்கொள்ளும். சுவரில் ஆணி கிடையாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் சில நாட்களில் நிறுத்திவிடலாம் என்று விளம்பரத்தில் காண்பது பொய்யன்று. ஆனால் அதில் சொல்லாமல் விட்டவை பல.

கழற்றிக் கூட்டும் மரவீடு நமது நாட்டுக்குப் புதியதும் அன்று. இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிற்குச் சென்றோர் அதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்த பழைய மரவீடு ஒன்று கூட்டுகள் கழற்றப்பட்டு, மலை கடந்து கொண்டுவரப்பட்டு, அங்கே மறுபடியும் நிறுத்தப்பட்டிருக்கிறது. நல்ல தச்சர் போட்ட கூட்டு, நூறாண்டுக்குப் பிறகும் கழற்றக் கழன்று, கூட்டக் கூடுகிறது. ஆனால் அவ்வீடு மழைக்கென்றே தாழ இறக்கிய கூரையுடன், அவ்வூர் மழையை அறிந்த தச்சர் கையால் செய்யப்பட்டது. இப்பொழுது பெட்டியில் வரும் குடில், பனி பெய்யும் குளிர் நாடுகளில் உருவான மாதிரி. அங்கே கூரைக்கு வரும் இடர், மேலிருந்து அழுத்தும் பனியின் பாரம். நமது கரையில் கூரைக்கு வரும் இடர், கீழிருந்து தூக்கும் காற்று. இவ்வொரு வேற்றுமையிலிருந்தே நாம் சொல்லவேண்டியவற்றுள் பெரும்பகுதி பிறக்கிறது.

இவ்வியாபாரத்தில் கடன் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. சியர்ஸ் ரோபக் என்ற தபால்வழி வியாபாரக் கம்பெனி 1908 முதல் 1940 வரை வீடுகளை இவ்வாறு துண்டுகளாக ரெயில் வண்டியில் அனுப்பி விற்றது. எழுபதினாயிரம் வீடுகளுக்குமேல் விற்பனையாயின. 1911 முதல் அக்கம்பெனியே வீட்டின் பேரில் கடனும் கொடுக்கலாயிற்று. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர் தவணை கட்ட முடியாமற்போகவே, கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களின் வீடுகளையே பறிமுதல் செய்ய நேர்ந்தது. கெட்ட பெயரும் நஷ்டமும் மிஞ்சின. அங்கே வீடுகள் உறுதியாக நின்றன, தவணைதான் முறிந்தது. நமது கரையில் அஞ்சவேண்டியது வேறு: தவணை நின்றுகொண்டிருக்கும், குடில் முறிந்துவிடும். டில்லியிலும் தேசப் பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கென்று விரைந்து வீடு செய்ய அரசாங்கம் ஒரு தொழிற்சாலை வைத்தது. அங்கு வார்த்த சுவர்த் தகடுகள் வெடிப்புக் கண்டு, அம்முறையே கைவிடப்பட்டது. தொழிற்சாலை மட்டும் வேறு வேலைகளுக்கு மாறி நிலைத்தது. வீடு எங்கே செய்யப்பட்டாலும், நிற்கும் இடத்து வெயிலும் மழையுமே அதனைப் பரீட்சிக்கின்றன.

இனி நமது தவறு. சங்க அங்கத்தினரான ஓர் அம்மாள், மூன்று ஏக்கர் மணற்பாங்கான நிலத்தில் சவுக்கும் தர்ப்பூசணியும் வைப்பவர், 2024 ஜனவரியில் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அளவுள்ள குடில் ஒன்று வாங்கினார். விலை 3,40,000 ரூபாய். சங்கக் கடன் 3,00,000 ரூபாய், தவணை அறுபது. விற்றவர் பெயர் இங்கே வேண்டியதில்லை. லாரி தார்ச்சாலை வரைதான் வந்தது. அங்கிருந்து தோட்டம் வரை மணற்பாதை. டிராக்டர் பிடித்து நான்கு நடை அடிக்கவேண்டியதாயிற்று. கட்டுகள் பிரித்த நிலையில் பத்து நாள் வெளியே கிடந்தன. இரவுப் பனியில் நனைந்து பகலில் காய்ந்தன. இறக்கு கூலி, டிராக்டர், அடித்தளம், கூட்டும் கூலி, பெயிண்ட் ஆகிய இவை விலைப்பட்டியலில் இல்லை. அவற்றுக்கு 92,000 ரூபாய் ஆயிற்று. அதற்காக அவர் காதிலிருந்த தோடும் கழுத்துச் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. நாம் மேற்பார்வைக்குச் சென்றபோது குடில் புதுப் பெயிண்டுடன் அழகாக நின்றது. நீளம் அகலம் அளந்தோம். கதவைத் திறந்து மூடிப் பார்த்தோம். கடன் உரிய காரியத்திற்கே செலவாயிற்று என்று சான்றெழுதிக் கையொப்பமிட்டோம். குனிந்து அடித்தளத்தைப் பார்க்கவில்லை. உள்ளே சுவரில் செங்குத்தாக ஆணியடித்துச் சேர்த்திருந்த சட்டங்களைப் பார்த்தும், அவை உறுதிக்காக இருக்கும் என்று எண்ணிவிட்டோம். அச்சட்டங்களே கேடாக முடிந்தன.

மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. அகலவாட்டில் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், வெயிலில் சுருங்கும். பதினாறு பலகை அடுக்கிய சுவரின் உயரம் ஏறக்குறைய 2,240 மில்லிமீட்டர். கார்த்திகை மழையில் நூற்றுக்கு ஒரு பங்கு பருத்தாலும் சுவரின் உச்சி 22 மில்லிமீட்டர் உயரும். சித்திரையில் அதே அளவு இறங்கும். ஆகவே சுவர் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்க விட்டுவிடவேண்டும். கதவு, சன்னல் நிலைகளுக்கு மேலே சந்து விடுவதும் இதற்காகவே; அச்சந்தை வெளியே ஒரு மூடுபலகை மறைக்கும், அப்பலகையும் ஒரு பக்கம் மட்டுமே பிணைக்கப்படும். அம்மாளின் குடிலைக் கூட்டியவர்களோ, பலகைகள் ஆடாமல் இருக்கட்டும் என்று உள்ளே மேலிருந்து கீழ்வரை சட்டம் வைத்து ஒவ்வொரு பலகையிலும் ஆணி அடித்துவிட்டனர். சித்திரை வெயிலில் பலகைகள் சுருங்கின. ஆனால் கீழே இறங்க வழியின்றி ஆணியில் தொங்கின. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விழுந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபொழுது, அச்சந்துகளின் வழியே மழை உள்ளே பாய்ந்தது. தெற்குப் பக்கத்துக் கூரை விளிம்பு எழுந்துகொண்டது. பன்னிரண்டு மூட்டை உரமும் விதையும் கரைந்தன. செலுத்தியிருந்த தவணைகள் பத்து, மீதி ஐம்பது.

புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய புயல் அது. எனினும் காற்றைப் பொறுத்தவரை மெலிந்த புயலே. கரை கடக்கையில் அதன் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். 2020 நவம்பர் 25 நள்ளிரவில் இதே கரையில் ஏறிய நிவர் புயலின் காற்று 120 முதல் 130 கிலோமீட்டர். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல் கடலூர்ப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை மறந்தோர் இரார். கட்டடங்களுக்குரிய இந்தியத் தர நிர்ணயம் 875, மூன்றாம் பகுதி, நமது கரைக்கு விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

வேகம் இரட்டித்தால் காற்றின் வலிமை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. நாலு மீட்டர்ச் சதுரக் குடிலின் கூரை, இறவாரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 21 சதுர மீட்டர். அதன்மேல் காற்று கடந்து செல்லும்போது மேல்நோக்கி இழுக்கும் வலிமையைத் தோராயமாகக் கணக்கிட்டால், 80 கிலோமீட்டர்க் காற்றில் அரை டன். 130 கிலோமீட்டர்க் காற்றில் ஒன்றேகால் டன்னுக்குமேல். 180 கிலோமீட்டர்க் காற்றில் இரண்டரை டன். 44 மில்லிமீட்டர் பலகையால் செய்த அக்குடிலின் மொத்த எடையோ, சுவர், தரை, கூரை யாவும் சேர்ந்து ஒன்றரை டன்னுக்கு உட்பட்டதே. ஆகவே நிவரைப் போன்ற ஒரு புயலில் குடில் தன் எடையால் மட்டும் நிற்கும் என்று நம்புவதற்கில்லை. கூரையைச் சுவரோடும், சுவரை அடிச்சட்டத்தோடும், அடிச்சட்டத்தைத் தூணோடும், தூணை மண்ணோடும் ஒரே சங்கிலியாகப் பிணைக்கவேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் பயனில்லை.

ஒன்பது தூண்களின்மேல் குடிலை நிறுத்துவதாகக் கொள்வோம். 180 கிலோமீட்டர்க் காற்றுக்குப் போதிய காப்பு வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு தூணும் ஏறக்குறைய 280 கிலோ எடையைக் கீழே பிடித்திருக்கவேண்டும். அரை மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள கான்கிரீட் கட்டியின் எடை 300 கிலோ. இது போதும்போல் தோன்றும். ஆனால் மழை வெள்ளம் தேங்கும் நிலத்தில் அக்கட்டி நீரில் மூழ்கிவிட்டால், கிணற்றுக்குள் குடம் இலேசாவதுபோல், எடையில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். 175 கிலோதான் நிற்கும். ஆகவே நீர் தேங்கும் இடங்களில் கட்டி 60 செண்டிமீட்டருக்குக் குறையலாகாது. இது கட்டடப் பொறியாளர் போடும் கணக்குக்கு மாற்றன்று. விற்பவரிடம் எதனைக் கேட்கவேண்டும் என்று அங்கத்தினர் அறிவதற்காகச் சொன்னோம். ‘எத்தனை கிலோமீட்டர்க் காற்றுக்குப் பிணைப்புக் கொடுத்திருக்கிறீர்’ என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் முன்பணம் தரவேண்டாம்.

தூணுக்கு நாம் கருங்கல்லையே விரும்புகிறோம். கம்பி கட்டிய கான்கிரீட் தூணில் உப்பு ஊறினால் உள்ளேயிருக்கும் கம்பி துருத்து, பருத்து, தூணை வெடிக்கச் செய்யும். நமக்கு அருகே திருவக்கரை, வானூர்ப் பக்கத்துக் கல்குவாரிகள் இருக்கின்றன. வேலிக்கு நடும் கல்தூண் போன்றதையே சற்றுத் தடிமனாக வாங்கி, மேற்புறம் துளையிடச் செய்து, கான்கிரீட் கட்டிக்குள் நட்டுவிடலாம். (அத்திருவக்கரையில்தான் கல்லாய்ப்போன மரங்களைப் பாதுகாத்து வைத்திருக்கின்றனர். இரண்டு கோடி ஆண்டு தாங்கும் மரம் வேண்டுவோர் அங்கே போகலாம். நமக்கு இருபது ஆண்டு தாங்கினால் போதும்.) தூண் நிலத்திற்குமேல் ஒன்றரை அடியாவது உயர்ந்து நிற்கவேண்டும். வெள்ளத்திற்காக மட்டும் அன்று; கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் குனிந்து பார்த்துத் தட்டிவிட இடம் வேண்டும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்றைத் தொப்பிபோல் விளிம்பு கவிழ்த்து வைத்தால், கரையான் ஒளிந்து ஏற முடியாது. பைன் மரத்தைக் கரையான் விருந்தாகவே கொள்ளும். அழுத்தத்தில் மருந்தேற்றிய மரமா, மேலே பூசிய மரமா என்பதைப் பலகையின் அறுத்த முனையில் பார்த்தால் தெரியும்: மருந்தின் நிறம் வெளிறு முழுவதும் ஊடுருவியிருக்கவேண்டும், தோல்போல் ஓரத்தில் மட்டும் இருந்தால் அது பூச்சே. மருந்தேற்றும் முறைக்கு இந்தியத் தர நிர்ணயம் 401 இருக்கிறது. அதன்படி செய்ததற்குச் சான்று கேட்கலாம். கூட்டும்போது அறுக்க நேர்ந்த முனைகளுக்கு மறுபடி மருந்து பூசவேண்டும். இக்கரைச் செம்படவர் படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் அடிச்சட்டங்களுக்கு நல்ல காப்பு. உடம்பில் பட்டால் புண்ணாக்கும், ஆகையால் கையுறை வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்தோருக்கு இரும்பைப் பற்றி நாம் புதிதாகச் சொல்வதற்கில்லை. மழைக்காலத்தில் உப்புக் குவியல் வியர்ப்பதைத் தினமும் காண்கிறவர்கள் அவர்கள். காற்றிலுள்ள ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐக் கடந்தால் உப்பு அவ்வீரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் உப்போ அதனினும் குறைந்த ஈரத்திலேயே கசியும். நமது கரையில் பெரும்பாலான இரவுகளில் அவ்வளவு ஈரம் உண்டு. ஆகவே, கடற்காற்று கொண்டுவந்து ஆணித்தலையில் படியவைத்த உப்பு, வானத்தில் ஒரு துளி மழையின்றியே, இரவுதோறும் அவ்வாணியை நனைத்துக்கொண்டிருக்கிறது. பெட்டியோடு வரும் ஆணியும் திருகாணியும் மெல்லிய துத்தநாகப் பூச்சுடையவை. அவை இரண்டு மூன்று மழைக்காலத்திற்குமேல் தாங்கும் என்று நாம் பொறுப்பேற்கமாட்டோம். அம்மாளின் கூரையைப் பிரித்தபோது, பத்து மாதமே ஆகியிருந்த ஆணிகள் கையால் வளைத்தவுடன் ஒடிந்தன. கூரை, பிணைப்பு ஆகிய இடங்களுக்கு 316 என்ற தரமுள்ள துருவேறா எஃகுத் திருகாணியே தக்கது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 202 தரமும் பார்வைக்கு அதேபோல் மின்னும். கடலோரத்தில் அதுவும் பழுப்பேறும். விலை அதிகந்தான், ஆனால் குடில் ஒன்றுக்குத் தேவைப்படுவது சில கிலோவே.

கூட்டும் வேலையில் முதல் நாளின் முதல் இரண்டு மணி நேரமே முக்கியம். லாரி ஓட்டுநர் நீட்டும் சீட்டில் கையொப்பமிடுமுன் பெட்டிக்குள்ளிருக்கும் பட்டியலோடு கட்டுகளை ஒப்பிட்டுக் குறைவை அச்சீட்டிலேயே எழுதவேண்டும். பலகைகளைச் செங்கல்மேல் சமமாகப் படுக்கவைத்துத் தார்ப்பாய் போடவேண்டும். சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும். அடிச்சட்டத்தை நீர்மட்டக் குழாய் கொண்டு மட்டம் பார்த்து, எதிர்மூலைகளை அளக்கவேண்டும். நாலு மீட்டர்ச் சதுரத்திற்கு இரண்டு மூலைவிட்டங்களும் 5 மீட்டர் 66 செண்டிமீட்டர் வரவேண்டும். இரண்டும் சமமாக வராவிடில், அங்கேயே நிறுத்திச் சரிசெய்யவேண்டும். அடியில் விட்ட அரை விரற்கடை பிழை பத்தாம் பலகையில் மூலைக்கூட்டு சேராமல் மறிக்கும். அப்பொழுது சம்மட்டியால் அடிப்பார்கள், கூட்டு பிளக்கும். பலகையைத் தட்டுவதற்குக் கட்டை ஒன்றை மேலே வைத்து, கொட்டாப்புளியாலேயே தட்டவேண்டும். நாக்கின்மேல் நேரே அடிக்கலாகாது. முதல் வரிசையில் எதிரெதிராக இரு பக்கங்களுக்கு அரைப்பலகைகளும் மற்ற இரு பக்கங்களுக்கு முழுப்பலகைகளும் வரும். இதை அறியாமல் மாற்றி வைத்து முழுச்சுவரையும் பிரித்தோர் உண்டு. நிலைகளைச் சில வரிசை ஏறியபின் மேலிருந்து செருகவேண்டும். காற்றுப் பிணைப்புக் கம்பிகளை மூலைக்கு ஒன்றாக, சுவர் ஏறி இறங்க இடம் தரும் நீள்துளையோடு பூட்டி, முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மரையைப் பார்த்து இறுக்கவேண்டும். பெயிண்டோ மரவண்ணமோ கூட்டி முடிந்த இரண்டு வாரத்திற்குள், உள்ளும் புறமும் பூசப்படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை கூன் போடும்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்க. புரட்டாசிக்குப்பின் தொடங்குவது வேண்டாம்.

நெசவாள அங்கத்தினருக்கு நாம் சொல்லவேண்டியது சுருக்கமானது. அவர்களுக்கு அது உவப்பாக இராது. தறிக்கு இக்குடில் ஏற்றதன்று. குழித்தறிக்குக் குழி வேண்டும். பலகைத் தரையில் குழி ஏது? சட்டத்தறி வைத்தாலும், மிதிக்கும்போதும் பலகை அடிக்கும்போதும் தரை அதிரும். அவ்வதிர்ச்சி நாலு மூலைக்கூட்டையும் நாளடைவில் தளர்த்தும். தரையில் துளையிட்டுத் தறிக்கால்களைத் தனியே கல்லில் ஊன்றினால் அதிர்ச்சி நீங்கும். ஆனால் ஜக்கார்டுப் பெட்டி வைப்போருக்கு ஏழடிச் சுவர் உயரம் போதாது. கடன் தொகை அதுவே எனில், செங்கல் சுவர் எழுப்பி ஓடு போட்ட தறிக்கூடம் ஒன்றுக்கு மனுவை மாற்றித் தருமாறு அவ்வைவரையும் கேட்டுக்கொள்கிறோம். மண் தரையின் குளிர்ச்சியில் பாவு இழை அறுவது குறையும் என்பது அவர்களே நமக்குச் சொன்னது.

‘நாம் விளைவிக்கும் சவுக்கிலேயே குடில் செய்யலாகாதா’ என்று பயிரிடுவோர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. சவுக்குக் கனத்த மரம், வலுவும் உண்டு. ஆனால் பலகையாக அறுத்தால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். மருந்தேற்றிய உருட்டுக் கம்பங்களாகக் கூரைக்கும் சட்டகத்துக்கும் பயன்படும். மண்ணில் நேரே நட்டால் சில ஆண்டுகளில் கரையானுக்கு இரையாகும், கல்தூணோடு பிணைக்கவேண்டும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் இக்கரைக்கே உரியது. உப்புக்காற்றுக்கு அதனை விஞ்சும் கைமரம் அரிது. ஆனால் மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனை வெட்டலாகாது என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பழைய வீடுகளைப் பிரிக்குமிடத்தில் பனஞ்சட்டம் விலைக்கு வரும்; அதனை விடவேண்டாம். சாமான் வைக்க மட்டுமே அறை தேவைப்படுவோர், கல்தூண், சவுக்குச் சட்டகம், பழைய பனங்கை, ஓடு ஆகியவற்றால் உள்ளூர்த் தச்சரைக் கொண்டே கட்டிக்கொள்ளட்டும். ஒன்பதின்மருள் நால்வருக்கேனும் இதுவே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

மற்றை ஐவர் ஆயத்தக் குடிலே வேண்டும் என்றால், தனித்தனியே வாங்கவேண்டாம். ஒரே அளவில் ஐந்து குடில் கேட்டால், ஆணியும் பிணைப்பும் நாம் சொல்லும் தரத்தில் தர விற்பவர் இசைவார். ஒருவருக்காக அவர் எதையும் மாற்றமாட்டார். கூட்டும் ஆட்களும் முதல் குடிலில் செய்த பிழையை இரண்டாவதில் செய்யமாட்டார்கள். பணத்தைச் சங்கமே நேராக நான்கு பகுதியாகச் செலுத்தும்படி குறிப்பு எழுதுகிறோம்: ஒப்பந்தத்தின்போது நூற்றுக்கு முப்பது, பட்டியல்படி சாமான் தோட்டத்தில் வந்து சேர்ந்தபின் நாற்பது, கூட்டி முடிந்தபின் இருபது, மீதிப் பத்து ஒரு பருவமழை கழிந்தபின். ‘தோட்டத்தில்’ என்ற சொல்லை ஒப்பந்தத்தில் அடிக்கோடிட்டு எழுதவேண்டும். தார்ச்சாலை தோட்டமன்று. அடித்தளம், பிணைப்பு, துருவேறா எஃகு, வண்ணம், கூலி, வரி ஆகியவை விலைக்குள் அடங்குமா, புறம்பா என்று ஒவ்வொன்றாகக் காட்டவேண்டும். புயல், வெள்ளம், தீ ஆகியவற்றுக்கு இன்ஷூரன்ஸ் தருவோர் உண்டா என்பதைக் கடன் கொடுக்குமுன் கேட்டறியவேண்டும். குடிலுக்குள் அடுப்பு வைக்கலாகாது என்பதைச் சொல்லவே வேண்டுவதில்லை.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். கடற்கரையோரம் உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலமும், ஓதம் ஏறும் கழிகளின் ஓரமும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டவை. கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ‘மரக்குடில்தானே, நாளைக்கே கழற்றிவிடலாமே’ என்ற சமாதானம் அதிகாரிகளிடம் செல்லாது. ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டபின்னரே ஒப்பந்தம். குத்தகை உப்பளத்தில் நிறுத்துவோர் குத்தகை கொடுத்தவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெறவேண்டும்.

அம்மாளின் குடில் இப்பொழுது எவ்வாறு இருக்கிறது என்று கேட்பார்கள். 2025 மாசியில் அதனை அடிவரை பிரித்தோம். ஆணி இல்லாத சுவராகையால் பிரிப்பது எளிது. சட்டங்களைப் பிடுங்கி, ஆணித்துளைகளை அடைத்து, வளைந்துபோன ஆறு பலகைகளை மாற்றி, ஒன்பது கல்தூண்களை நட்டு மூன்றாம் நாள் மறுபடி கூட்டினார்கள். செலவு 41,000 ரூபாய். அதில் ஒரு பகுதியை விற்றவர் ஏற்றுக்கொண்டார். மிச்சத்தை அம்மாள் சவுக்கை ஓராண்டு முன்னதாகவே வெட்டி விற்றுக் கட்டினார். தோடு மீண்டுவிட்டது, சங்கிலி இன்னும் மீளவில்லை. இம்முறை நாம் சான்றெழுதுமுன் தரையில் படுத்துக் குடிலின் அடியைப் பார்த்தோம். ஒரு பிணைப்பில் மரை இறுகவில்லை. இறுக்கிய பின்னரே கையொப்பமிட்டோம்.

மனுதாரர் பதினால்வரும் அடுத்த குழுக் கூட்டத்திற்கு வரும்பொழுது மூன்று அளவுகளைக் கொண்டுவரவேண்டும். லாரி நிற்கக்கூடிய இடத்திலிருந்து குடில் நிற்கும் இடம் வரை எத்தனை அடி; 2024 கார்த்திகை வெள்ளம் அந்நிலத்தில் முழங்காலுக்கு எவ்வளவு கீழே அல்லது மேலே நின்றது; குடிலுக்குள் வைக்கப்போகும் பொருள் யாது, எத்தனை மூட்டை. இரண்டாவது அளவை நினைவில்லாதோர் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டு எழுதிவரவும்.